தாய் ஏற்காத முயற்குட்டி

நமது திருவிடைமருதூர் வட்டாரத்தில் முயல் வளர்ப்பைத் தனித் தொழிலாகக் கொண்டவர்கள் மிகச் சிலரே. தறியுள்ள வீட்டின் கொல்லையில் இரண்டு மூன்று கூண்டுகளை வைத்து, வாய்க்கால் கரைப் புல்லையும் அகத்தித் தழையையும் போட்டு, வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் கவனித்துக் கொள்வதே பெரும்பாலும் காணும் முறை. பட்டு நெசவில் பாவு கிடைக்காமல் தறி நிற்கும் நாட்களில் இது ஒரு சிறு வருவாய். ஆயினும் அச்சிறு வருவாயைக் கணக்கில் வைத்துத்தான் மளிகைக் கடைப் பாக்கியும் பள்ளிச் செலவும் திட்டமிடப்படுகின்றன. ஓர் ஈற்றுக் குட்டிகள் முழுதும் மாண்டுபோனால், சினைக்காலம் ஒரு மாதமும் அதன்பின் தாய் மறுபடி இணை சேரும் வரையுள்ள நாட்களும் வீணாயின என்றே பொருள்.

ஆகவேதான், “தாய் முயல் குட்டிகளைச் சேர்க்கவில்லை; கையால் பாலூட்டி வளர்ப்பது எப்படி?” என்று அங்கத்தினர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கின்றனர். இக்கட்டுரை அக்கேள்விக்கு விடையாக எழுதப்படுகின்றது. ஆனால் விடை கூறுமுன் நாம் செய்த ஒரு பிழையைச் சொல்லிவிட வேண்டியிருக்கின்றது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, நெசவாளர் ஒருவரின் மனைவியார் நம்மிடம் வந்தார். “சார், நேத்து ராத்திரி முயல் ஆறு குட்டி போட்டிருக்கு. தாய் பெட்டிப் பக்கமே போவ மாட்டேங்குது. விடிஞ்சதிலேருந்து பாத்துக்கிட்டே இருக்கேன், ஒரு தரம்கூடப் பால் கொடுக்கலை. நாம புட்டியிலே கொடுத்துடலாமா?” என்று கேட்டார். நாமும் சிறிதும் ஆராயாமல், பசும்பாலைக் காய்ச்சி ஆற்றிச் சிறிது நீர் கலந்து இரண்டு மணிக்கு ஒருமுறை ஊட்டும்படி கூறிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டோம். மூன்று நாட்களுக்குள் மூன்று குட்டிகள் மூக்கில் பால் வழிந்து இறந்தன. நான்காம் நாள் விடியுமுன் தறியில் உட்கார எழுந்த அவ்வம்மையார், கொல்லையில் விளக்கைப் போட்டபோது, தாய் முயல் பெட்டிக்குள் நின்று எஞ்சிய குட்டிகளுக்குப் பாலூட்டிக் கொண்டிருந்ததைக் கண்டார். அது முதல் நாளிலிருந்தே அவ்வாறு ஊட்டி வந்திருக்கின்றது. ஏற்காத தாய் என்று நாம்தான் தீர்ப்புக் கூறினோம்.

இப்பிழை நமக்கு மட்டும் உரியதன்று. பசுவையும் ஆட்டையும் நாயையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, முயலின் நடத்தை வன்னெஞ்சம் போலத் தோன்றும். பசு கன்றை நக்கிக் கொடுக்கும். ஆடு குட்டியை விட்டு அகலாது. நாய் நாள் முழுதும் குட்டிகளை அணைத்துப் படுத்திருக்கும். முயலோ ஈன்றவுடன் குட்டிகளைத் தன் வயிற்று ரோமத்தால் மூடிவிட்டு விலகிவிடும். நாளில் ஒரே ஒரு முறை, பெரும்பாலும் இரவின் பிற்பகுதியில் அல்லது விடியற்காலையில், மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை குட்டிகளின் மேல் நின்று பாலூட்டும். அத்துடன் அன்றைய கடமை முடிந்தது. சில தாய்கள் இரண்டு முறை ஊட்டுவதுண்டு. அதற்கு மேல் இல்லை. இதனை அமெரிக்க ஆய்வாளர்கள் 1965இலேயே முறையாகக் கவனித்து வெளியிட்டனர். மண்ணில் வளை தோண்டி வாழ்ந்த இனத்திற்கு இதுவே பாதுகாப்பு. தாய் அடிக்கடி வளைக்குள் போய்வந்தால் நரிக்கும் கீரிக்கும் வழி காட்டியதாகும்.

அந்த மூன்று நிமிடத்திற்குள் கண் திறவாத குட்டி காம்பைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அது சில நொடிகளில் கண்டுபிடித்து விடுகின்றது. தாயின் பாலிலுள்ள ஒரு மணப்பொருளே குட்டிக்கு வழிகாட்டுகின்றது என்று பிரெஞ்சு நாட்டு ஆய்வாளர்கள் 2003இல் கண்டறிந்தனர். நாம் கொடுக்கும் புட்டியில் அம்மணம் இல்லை. குட்டி தானாகத் தேடிச் சப்பாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே, தாய் ஊட்டுகின்றதா என்பதைத் தாயைப் பார்த்து அறிய முடியாது. குட்டியைப் பார்த்தே அறிய வேண்டும். காலையில் பெட்டியைத் திறந்து ரோமத்தை மெல்ல விலக்கிப் பாருங்கள். பால் குடித்த குட்டியின் வயிறு உருண்டு, தோல் இறுகி, மெல்லிய தோலின் ஊடே இரைப்பையிலுள்ள பால் வெண்மையாகத் தெரியும். அது கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் உறங்கும், தொட்டால் சூடாயிருக்கும். பால் குடியாத குட்டியின் தோல் சுருக்கம் விழுந்திருக்கும், வயிறு ஒட்டியிருக்கும், கையை வைத்தவுடன் வாயைத் தூக்கி மேலே எம்பும், அல்லது கூட்டத்தை விட்டு விலகிக் குளிர்ந்து கிடக்கும். இந்தச் சோதனையைத் தினமும் ஒரே வேளையில் செய்தல் நலம்.

இதைவிட உறுதியான சோதனை ஒன்று உண்டு. அதற்கு வேண்டிய கருவி நெசவாளர் வீட்டுக்கு அருகிலேயே இருக்கின்றது. பட்டு நூலையும் ஜரிகையையும் கிராம் கணக்கில் நிறுத்துக் கொடுத்து வாங்கிப் பழகியவர்களுக்கு 50 கிராம் என்றால் என்ன என்று நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. பிறந்த முயற்குட்டி ஏறக்குறைய 40 முதல் 60 கிராம் வரை இருக்கும். ஒரு சிறிய மின்னணுத் தராசில் குட்டிகளைத் துணி விரித்து நாள்தோறும் நிறுத்து நோட்டில் குறித்து வந்தால், ஊட்டும் தாயின் குட்டி நாளுக்கு நாள் ஏறி, ஒரு வாரம் ஆகுமுன் பிறந்த எடையின் இரு மடங்கை எட்டுவதைக் காணலாம். இரண்டு நாள் எடை ஏறாவிட்டால் அங்கே குறை உண்டு. கண்ணால் பார்த்துச் சொல்லும் தீர்ப்பை விட இந்த நோட்டே நம்பத்தக்கது என்பதை நாம் மூன்று குட்டிகளை விலையாகக் கொடுத்துக் கற்றோம்.

மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்று பலரும் அஞ்சுகின்றனர். வளர்ப்பு முயலுக்கு அவ்வச்சம் பெரிதும் பொருந்தாது. நாள்தோறும் தீனி வைக்கும் கையின் மணம் அதற்குப் பழக்கமானதே. கையைச் சோப்பின்றிக் கழுவி, கூண்டிலுள்ள வைக்கோலில் தேய்த்துக் கொண்டு, தாய்க்கு ஒரு கைப்பிடி தழையைப் போட்டுவிட்டுக் குட்டியைத் தொடலாம்.

உண்மையிலேயே தாய் ஊட்டாத நிலையும் உண்டு. அதன் காரணங்களில் பல நம் கையில் உள்ளவை. முதல் ஈற்றுத் தாய் கூண்டின் கம்பித் தரையிலேயே குட்டிகளைச் சிதறிவிடும். ஈனும் பெட்டியை இணை சேர்த்த 27 அல்லது 28ஆம் நாளில் வைக்க வேண்டும். சினைக்காலம் 30 முதல் 32 நாட்களே ஆகையால் அதற்குப் பின் வைத்தால் தாய் அதில் பழகாது. வெளியே விழுந்த குட்டியைப் பூனையைப் போல் கவ்வி எடுத்து உள்ளே வைக்கும் வழக்கம் முயலுக்கு இல்லை. அருகிலேயே குளிர்ந்து இறந்தாலும் அது பார்த்துக்கொண்டு தானிருக்கும். இதைக் கொடுமை என்று கூறுவோரும் உளர். அதற்கு அந்த அறிவு அமையவில்லை என்பதே உண்மை. விழுந்த குட்டியை எடுத்துச் சூடேற்றி உள்ளே வைத்துவிட்டால் அன்றிரவே தாய் ஊட்டிவிடும்.

இரண்டாவது காரணம் தண்ணீர். பாலூட்டும் முயல் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் வரை, கோடையில் அதற்கு மேலும் குடிக்கும். காலையில் வைத்த சட்டி பகலில் கவிழ்ந்து இரவெல்லாம் தண்ணீர் இல்லாதிருந்தால் பால் சுருங்கும். சில தாய்கள் குட்டியைக் கடித்தும் விடுகின்றன. மூன்றாவது மிரட்சி. நாள்தோறும் கேட்கும் தறியோசைக்கு முயல் மிரள்வதில்லை. அதனோடு அது வளர்ந்தது. ஆனால் தீபாவளிப் பட்டாசும் தைப்பூச விழாவின் வேட்டொலியும் வேறு. மிரண்ட தாய் பெட்டிக்குள் பாய்ந்து குட்டிகளை மிதித்துவிடும். அந்நாட்களில் ஈற்று வராதபடி இணை சேர்க்கும் நாளை முன்கூட்டியே கணக்கிட்டுக் கொள்ளலாம். நான்காவது மடிநோய். காம்பைச் சுற்றிலும் கல் போல் இறுகிச் சூடாக இருந்தால் தாய்க்குப் பாலூட்டுவது வலியாகும். அது கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டிய நோய். அத்தாயின் குட்டிகளை இன்னொரு தாயிடம் விட்டால் நோய் அங்கும் தொற்றக்கூடும் என்பதை மறத்தலாகாது.

தாயிடம் பால் இருந்தும் அது ஊட்ட மறுத்தால் முதலில் செய்ய வேண்டியது இது. தாயை மடியில் அல்லது மேசைமேல் வைத்து, ஒருவர் தோளையும் பிட்டத்தையும் மெல்லப் பிடித்துக் கொண்டு, மற்றவர் குட்டிகளை வயிற்றடியில் விட வேண்டும். ஐந்து நிமிடம் போதும். நாளுக்கு ஒரு முறை, ஒரே வேளையில், மூன்று நான்கு நாட்கள் இவ்வாறு செய்தால் முதல் ஈற்றுத் தாய்களிற் பல தாமே ஊட்டத் தொடங்கிவிடும். புட்டியைத் தேடுமுன் இதைச் செய்யாதவர் பாதி வேலையை விட்டவராவர்.

தாய் இறந்துவிட்டாலோ, பாலே இல்லாவிட்டாலோ, அடுத்த வழி வேறொரு தாய். இங்குதான் தனியாக முயல் வளர்ப்பவருக்கும், பத்து வீடு சேர்ந்து வளர்ப்பவருக்கும் உள்ள வேற்றுமை வெளிப்படுகின்றது. மாற்றுத் தாயின் குட்டிகளுக்கும் வந்த குட்டிகளுக்கும் வயதில் இரண்டு அல்லது மூன்று நாட்களுக்கு மேல் வித்தியாசம் இருத்தலாகாது. பெரிய குட்டிகளின் நடுவே சிறியது விடப்பட்டால் மூன்று நிமிடப் போட்டியில் அதற்குக் காம்பு கிடைக்காது. ஒரு வீட்டில் ஒரு முயல் தையில் ஈன்று, அடுத்த வீட்டில் மாசியில் ஈன்றால், இருவரும் ஒரு தெருவில் இருந்தும் ஒருவருக்கொருவர் உதவ இயலாது.

ஆகையால் தெருவிலுள்ள பெண் முயல்களில் இரண்டு மூன்றையேனும் ஒரே நாளில் இணை சேர்க்கும்படி நாம் வற்புறுத்தி வருகின்றோம். இதற்குச் செலவு ஏதும் இல்லை. ஆளுக்கொரு கடா முயல் வைத்துக்கொள்ளாமல் இரண்டு வீட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் அந்தத் தீனியும் மிச்சம். ஒரே நாளில் சேர்த்தவை ஒன்றிரண்டு நாள் முன்பின்னாக ஈனும். ஒரு தாய்க்குப் பத்தும் மற்றொன்றுக்கு நான்கும் பிறந்தால், பத்திலிருந்து மூன்றை எடுத்து நான்கோடு சேர்க்கலாம். முயலுக்குப் பெரும்பாலும் எட்டு முதல் பத்துக் காம்புகள் உள. எட்டுக் காம்புள்ள தாயிடம் எட்டுக்கு மேல் விடாதிருப்பதே நன்று. தாய் இறந்த குட்டிகளையும் இவ்வாறே பங்கிட்டு விடலாம்.

மாற்றும் முறை எளிது. மாற்றுத் தாயைப் பெட்டியிலிருந்து வேறிடத்தில் வைத்து, வந்த குட்டிகளை அப்பெட்டியிலுள்ள ரோமத்தால் தேய்த்து, சொந்தக் குட்டிகளின் அடியில் கலந்து மூடிவிட வேண்டும். ஒரு மணி நேரம் சென்றபின் தாயை விட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே மணமாகிவிடும். முயல் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்ப்பவர் அதன் சொந்தக்காரரே. “எம் முயல் பாலைக் குடிச்சு வளந்த குட்டி, அது எப்படி உங்களுதாகும்?” என்று இரண்டு வீட்டார் நம் முன்னிலையிலேயே வாதிட்டதுண்டு. கணக்குப் பார்க்கும் உத்தியோகத்தில் இருப்பவர் என்ற முறையில் நாம் கூறும் யோசனை இது: வந்த குட்டியின் காதின் உட்புறம் மையால் ஒரு புள்ளி இட்டு, நாளையும் எண்ணிக்கையையும் சங்க நோட்டில் எழுதி, பிழைத்த மூன்று குட்டிகளில் ஒன்று பாலூட்டிய முயலின் வீட்டுக்கு என்று முன்னரே பேசிக் கொள்ளுங்கள். சொறி அல்லது மூக்குச் சளி கண்ட முயலை இவ்வேற்பாட்டில் சேர்க்க வேண்டாம்.

மேற்கூறிய எதுவும் கைகூடாதபோது மட்டுமே கையால் ஊட்டுதல். அதிலும் பாதிக்கு மேல் பிழைக்கும் என்று நாம் உறுதி கூற மாட்டோம். பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குட்டியானால் பெரும்பாலும் இழப்பே மிகுதி. எனினும் ஒழுங்காகச் செய்தால் சில பிழைக்கின்றன.

முதல் விதி, குளிர்ந்த குட்டிக்குப் பால் கொடுக்கலாகாது. குளிர்ந்த உடலில் பால் செரிக்காமல் தங்கிக் கெடும். முதலில் உள்ளங்கைகளுக்கிடையே அல்லது ஆடைக்குள் உடலோடு அணைத்து அரை மணி நேரம் வைத்து, அது சூடேறி நெளியத் தொடங்கிய பின்னரே பால். குட்டியின் படுக்கை 30 முதல் 32 டிகிரி வெப்பத்தில் இருக்க வேண்டும். முன்பெல்லாம் பெட்டியின்மேல் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிடச் சொல்வார்கள். இப்போது வீடெல்லாம் எல்.இ.டி. விளக்கு, அது ஒளி தரும், குட்டிக்குப் போதிய சூடு தராது. அதனால் ஒரு புட்டியில் வெந்நீர் நிரப்பிக் கெட்டித் துணி சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு மிகுந்தால் குட்டி மறுபக்கம் நகர்ந்து கொள்ள இடம் வேண்டும். இது மார்கழிக்கும் தைக்கும் உரியது. கத்திரி வெயிலில் நிலைமை நேர்மாறு. அப்போது ரோமத்தைக் குறைத்து, பெட்டியை ஓலைக் கொட்டகையின் நிழலில் காற்றோட்டமாக வைக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் ஈற்றே வராமல் பார்த்துக் கொள்வது அதனினும் நன்று. அவ்வெப்பத்தில் கடா முயலும் சில வாரங்கள் மலடாகிவிடும்.

படுக்கைக்குக் காய்ந்த மெல்லிய வைக்கோலோ புல்லோ போதும். மழையில் நனைந்து பூசணம் பிடித்த வைக்கோல் கூடாது. நெசவாளர் வீடுகளில் நாம் கண்டு திகைத்தது ஒன்று: மிருதுவாயிருக்கும் என்று எண்ணிக் கழிவு நூலையும் பாவு நுனிகளையும் பெட்டியில் போடுகின்றனர். பட்டு நூல் குட்டியின் காலில் சுற்றிக்கொண்டால் அறாது. குட்டி வளர வளர அது இறுகிக் காலே அழுகிப் போகும். நூல் வேண்டவே வேண்டாம். கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். காவிரிக் கரை மண்ணில் எறும்புக்குக் குறைவில்லை, ஓர் இரவில் ஈற்று முழுவதையும் அது தீர்த்துவிடும்.

பாலைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறுவது அவசியம். பசும்பாலில் கொழுப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 4 பங்கு, புரதம் 3 பங்குக்குச் சற்று மேல், பால் சர்க்கரை 5 பங்குக்குச் சற்றுக் குறைவு. முயற்பாலிலோ கொழுப்பு 12 பங்கு வரையும், புரதம் 10 பங்குக்கு மேலும் உண்டு. சர்க்கரை 2 பங்கு அளவே. நாளில் ஒருமுறை குடித்து ஒரு வாரத்தில் இரட்டிப்பதன் இரகசியம் இதுவே. மேலும் முயற்பாலின் கொழுப்பிலுள்ள சில அமிலங்கள் குட்டியின் இரைப்பையில் கிருமி பெருகாமல் காக்கின்றன. பசும்பாலில் நீர் கலக்கச் சொன்ன நமது யோசனை எத்தனை அறியாமையானது என்பது இப்போது விளங்கும். மெலிந்த பாலை மேலும் மெலியச் செய்து, அதை ஈடுசெய்ய இரண்டு மணிக்கொருமுறை வயிற்றை நிரப்பச் சொன்னோம்.

கிடைக்குமாயின், பூனைக்குட்டிகளுக்கென விற்கப்படும் பால்மாவு முயற்பாலுக்குச் சற்று நெருங்கியது. கும்பகோணம், தஞ்சாவூர் போன்ற நகரங்களில் செல்லப் பிராணிகளுக்கான கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். கிடையாவிடில் வெள்ளாட்டுப் பாலைக் காய்ச்சி ஆற்றி, 100 மி.லி.க்கு ஒரு தேக்கரண்டி பாலேடு மசித்துக் கலந்து வடிகட்டிக் கொள்ள வேண்டும். சர்க்கரை, தேன், கருப்பட்டி எதுவும் சேர்த்தல் கூடாது. ஒரு வேளைக்கு ஆக்கியதை மறு வேளைக்கு வைக்கலாகாது.

ஊட்டும் வேளை காலை ஒன்று, மாலை ஒன்று, ஆக இரண்டே. பிறந்த குட்டிக்கு நாள் முழுதுக்கும் 5 மி.லி., அதாவது வேளைக்கு இரண்டரை. ஒரு வார முடிவில் நாளைக்கு 12 முதல் 15 மி.லி.; இரண்டு வாரத்தில் 25; மூன்று வாரத்தில் 30. இவை உச்ச அளவுகள். குட்டி சிறியதாயின் இதனினும் குறைக்க வேண்டும். குறைவாக ஊட்டப்பட்ட குட்டி மறுநாள் தேறிக்கொள்ளும். மிகையாக ஊட்டப்பட்டது வயிறு ஊதி இறக்கும்.

கருவி, மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசி நீக்கிய 1 மி.லி. சிரிஞ்சு. கைக்குழந்தைக்குப் பாலாடையில் புகட்டி வளர்த்த பாட்டிமார் முயலுக்கும் பாலாடையையே எடுக்கின்றனர். அது இங்கு ஆகாது. ஒரு சாய்வில் வரும் பால் முயற்குட்டியின் மூச்சுக் குழலை நிரப்பிவிடும். குட்டியைத் துணியில் சுற்றி, வயிறு கீழாகவும் தலை சற்று மேலாகவும் இருக்கப் பிடித்து, வாயின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள். அது நக்கி விழுங்கிய பின் அடுத்த சொட்டு. மல்லாத்திப் பிடித்து ஊட்டுவது கொலைக்குச் சமம். பால் மணிக்கட்டில் விட்டால் இளஞ்சூடாகத் தெரிய வேண்டும். மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்தி, தலையைத் தாழ்த்தித் துடைத்து, குட்டி மூச்சுச் சீராகும் வரை காத்திருங்கள். அந்த வேளை அதனோடு போகட்டும்.

ஊட்டி முடிந்ததும் இன்னொரு வேலை உண்டு. பலரும் மறப்பது இதனையே. கண் திறவாத குட்டி தானாகச் சிறுநீர் கழிப்பது அரிது. தாய் நக்குவதால் கழிக்கும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் அடி வயிற்றையும் பின்புறத்தையும் மெல்ல வருடினால் சிறுநீர் வரும். கண் திறக்கும் வரை ஒவ்வொரு வேளையும் இதைச் செய்தே தீரவேண்டும். இல்லையேல் நீர் தேங்கி இறக்கும். நாமோ பால் ஒவ்வவில்லை என்று எண்ணிக் கொண்டிருப்போம்.

10 முதல் 12 நாட்களுக்குள் கண் திறக்கும். 12ஆம் நாளும் பீளை கட்டி மூடியிருந்தால் காய்ச்சி ஆற்றிய நீரால் துடைத்துவிட வேண்டும். அதன்பின் நோயற்ற பெரிய முயலின் புழுக்கை சிலவற்றைப் பெட்டியில் இடுவது வழக்கம். படிப்பவர் முகம் சுளிக்கலாம். ஆயின் தாய் பெட்டியில் விடும் புழுக்கையைக் கொறித்தே குட்டியின் குடலில் செரிமானத்துக்குரிய நுண்ணுயிர்கள் குடிபுகுகின்றன. பதினைந்தாம் நாளுக்கு மேல் காய்ந்த புல்லும் சிறிது அடர் தீனியும் கைக்கெட்ட வையுங்கள். பச்சைத் தழை பின்னர், அதுவும் சிறிது சிறிதாக. கழிச்சல் கண்டால் வீட்டில் எஞ்சியிருக்கும் மாத்திரையைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள். பென்சிலின், அமாக்சிசிலின் வகை மருந்துகள் வாய் வழியாகப் போனால் முயலின் குடலிலுள்ள நல்ல உயிர்கள் அழிந்து, நோய் கொல்லாததை மருந்து கொன்றுவிடும். நமது மாவட்டத்தில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கின்றது. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலும் கேட்கலாம்.

ரோமத்துக்காக வளர்க்கும் அங்கோரா முயலைப் பற்றி நெசவாளர் சிலர் ஆவலோடு கேட்கின்றனர். அது கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பள ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் போன்ற குளிர்ந்த இடங்களுக்குரியது. நம் ஊர் வெயிலில் அந்த ரோமமே அதற்குப் பகை. இங்கு இறைச்சிக்குரிய வெள்ளை ஜயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்களோடு நிற்பதே தக்கது. குட்டிகளை நாங்களே திரும்ப வாங்கிக் கொள்வோம் என்று கூறி முன்பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. ஈமுக் கோழித் திட்டங்கள் 2012இல் சரிந்தபோது தமிழ்நாட்டில் எத்தனை குடும்பங்கள் பணத்தை இழந்தன என்பதை உழவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அறுவடை நாட்களில் வயல் வரப்பில் தனியாகக் கிடக்கும் குட்டியை அநாதையென்று எடுத்து வருவோர் உண்டு. அது வளர்ப்பு முயலின் குட்டியன்று. காட்டு முயலின் குட்டி. உடலில் ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறந்து, தாய் வரும் வரை அசையாமல் படுத்திருப்பது அதன் இயல்பு. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பிடிப்பதையும் வளர்ப்பதையும் தடுக்கின்றது. அறுவடை இயந்திரம் வருமாயின் பக்கத்து வரப்பின் புல் மறைவில் வைத்துவிட்டு விலகிவிடுங்கள். அந்தி மயங்கியபின் தாய் தேடி வரும்.

குட்டி ஆறு வாரம் வரை பாலில் இருக்கலாம். நான்காம் வாரத்திலிருந்து தீனி ஏற ஏறப் பாலைக் குறைத்து வர வேண்டும். திடீரென நிறுத்துதல் கூடாது. தாய் மாறிய புதிய தீனியும் புதிய இடமும் ஒரே நாளில் வேண்டாம்.

முதலில் நாம் கூறிய அவ்வீட்டில் எஞ்சிய மூன்று குட்டிகளும் தாயின் பாலிலேயே வளர்ந்து விற்பனையாயின. மறு ஆண்டு அதே வீட்டில் மற்றொரு முயல் ஈன்ற இரவே இறந்துவிட்டது. குட்டிகள் ஐந்து. இம்முறை அவ்வம்மையார் நம்மைக் கேட்கவில்லை. அடுத்த தெருவில் இரண்டு நாள் முன்னர் ஈன்றிருந்த முயலிடம் இரண்டை விட்டார்; அதற்கு மேல் அத்தாயிடம் இடமில்லை. மூன்றை வெள்ளாட்டுப் பாலில் கையால் வளர்த்தார். ஒன்று மூன்றாம் நாளும், ஒன்று ஒன்பதாம் நாளும் போயின. எஞ்சியது பெண் குட்டி. ஆறாம் வாரம் பாலை மறந்து தழை தின்றது. நாம் கடைசியாகச் சென்றபோது அதுவும் வேறு இரண்டு பெண் முயல்களும் கொல்லையில் இருந்தன. மூன்றையும் ஒரே நாளில் இணை சேர்த்த தேதி, தறிக்கு மேலுள்ள நாட்காட்டியில் வட்டமிடப்பட்டிருந்தது.